மாதாந்த வருமானம்

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம் சின்னது,
ஒரு தொகைதான் பிடிக்கும்.
பெற்றோரின் மாதாந்த வருமானம்.
எந்த மாதத்தை எழுத?

சித்திரையில் கடல் தெளிந்தால்
உப்புவெளி ஹோட்டலில் அம்மாவுக்கு
ஒரு நாளைக்குப் பதினாலு அறை.
ஈரத் துவாய்கள்,
விரிப்புக்குள் யாரோ உறங்கிவிட்டுப் போன மணல்.
ஐப்பசியில் வாடை எழும்ப
முதலாளி அறைகளைப் பூட்டிவிடுவார்.
பிறகு எங்களிடம் இருப்பது
கடைக்காரரின் கடன் கொப்பி.

கிராம சேவகர் பேனை மூடியைக் கடித்தபடி
"எல்லாத்தையும் கூட்டிப் பன்னிரண்டால பிரி பிள்ளை" என்றார்.
பிரித்தேன்.
வந்த தொகையில்
நாங்கள் ஒரு மாதமும் வாழ்ந்ததில்லை.

நேர்முகத்துக்கு உட்துறைமுக வீதிக்குப் போனபோது
வாசலில் ஒரு மான்
லன்ச் சீற் ஒன்றை மென்றுகொண்டு நின்றது.
உள்ளே மூன்று பேர்.
அப்பா எங்கே என்றார் நடுவில் இருந்தவர்.
மட்டக்களப்பில் என்றேன், வேறொரு குடும்பத்தோடு.
அவருடைய பேனை கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றது.
இறந்திருந்தால் எழுத இடமிருந்தது.

கடிதம் வந்தது.
மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு, நான்கு வருடம்.
அதன்கீழே ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும்:
உமது வழிகாட்டி.
கோட்டுப் போட்ட ஒருவரை நினைத்துக்கொண்டு அழைத்தேன்.
வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலாக
ஒரு பெண் கத்தினாள்:
"றுஸ்னா பேசுறன், கிண்ணியா. நீ எவடம்?"

பேராதனையில் மூன்றாம் வருடம்.
இலட்சியம், எதிர்காலம் ஒன்றும் சொல்லவில்லை.
"கம்பளி வாங்காத, என்னட்ட ரெண்டு கிடக்கு.
புத்தகமும் வாங்காத, போன பச்சிட போட்டோ கொப்பி இருக்கு.
முதல் மாசம் லெக்சர் ஒண்டும் விளங்காது,
விளங்கின மாதிரித் தலையாட்டாத.
உம்மாட்டக் காசு கேக்கிற அண்டைக்கு மட்டும்
குரலை இனிப்பாக்காத,
அவவுக்கு உடனே தெரிஞ்சிரும்."

கார்த்திகையில் மழை.
போகமுன் செலவுக்கென்று முதல் தவணை விழுந்த அன்று
இரவு ஒன்பதுக்கு அவளே எடுத்தாள்.
மழை எப்படி, பாலத்தடியில் தண்ணி ஏறிட்டா,
உங்கட பக்கம் கரண்ட் இருக்கா.
பிறகு வாளிச் சத்தமும் இல்லாத ஒரு இடைவெளி.

"டிலோ, உனக்கு விழுந்திட்டா?"

"ஓம் அக்கா."

"எனக்கு இன்னும் விழல்ல. கையெழுத்துப் பிழையாம்.
ரெண்டாயிரம் இருந்தா...
செவ்வாய்க்கிழமை போட்டிருவன்."

நான் பேசாமல் இருந்தது
மறுப்பதற்கல்ல.
ஏழாயிரத்து ஐந்நூறில் இரண்டாயிரம் போக,
கடைக் கொப்பியில் பாதி போக,
செருப்பு போக என்று
விரல் மடித்துக்கொண்டிருந்தேன்.
அவளும் எங்கேயோ ஒரு கட்டிலில்
அதே மடிப்பு மடித்துவிட்டுத்தான்
எடுத்திருப்பாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடி இயந்திரத்தில்
நனைந்த கையோடு அனுப்பினேன்.

செவ்வாய் போனது.
புதனும்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை,
சோற்றுப் பானையை மட்டும் இரண்டு தரம் மூடினாள்.
வெள்ளி காலை வந்தது: இரண்டாயிரத்து ஐம்பது.

"ஐம்பது என்னத்துக்கு அக்கா?"

"நீ எடுக்காம இருந்தியே, அதுக்கு."

தை பிறந்து நான் புறப்பட்ட அன்று
அறக்கட்டளையின் இன்னொரு படிவம்.
வழிகாட்டியிடமிருந்து பெற்றுக்கொண்டவை எவை?
மூன்று வரிக்கு இடம்.
கம்பளி, கொப்பி, லெக்சர் என்று எழுதினேன்.

இப்போது கண்டி பஸ்.
என் மடியில் கிண்ணியாவிலிருந்து
அவள் உம்மா கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொட்டலம்,
மூன்று பத்திரிகைத் தாளுக்கும் அடங்காமல்
ஹபரணை தாண்டியும் மணக்கிறது.
பின்சீட்டுக்காரர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார்.
கண்ணாடியைத் தள்ளினேன்.

அவள் சொன்ன குளிர்
முதலில் விரல் நுனிகளுக்குத்தான் வந்தது.